வெயில் ஏறினா வண்டி நிக்குது, ஆறினா ஓடுது: பெட்ரோல் பம்ப் தானா?

5 மே 2025, காலை (ஆம்பூர் தம்பி கேட்டது)

அண்ணா, 2011 மாடல் பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீச்சறது). காலையில எவ்ளோ தூரம் வேணா போவுது, ஒரு தொல்லையும் இல்ல. மதியம் வெயில் ஏறினப்புறம் மாதனூர், பள்ளிகொண்டா பக்கம் வரும்போது திணறித் திணறி ஓடி நின்னுடுது. ஓரம் கட்டி அரைமணி நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆவுது. அம்மாவ வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு கூட்டிகினு போற வண்டி, ஹைவே ஓரத்துல வெயில்ல உக்கார வெக்கவே மனசு வரல. மெக்கானிக் கிட்ட காட்டினேன், பெட்ரோல் பம்ப் போச்சு மாத்திடுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு, பிரஷர் கேஜ் கீஜ் எதுவும் போட்டுப் பாக்கல. மாத்திடட்டுமா?

5 மே 2025, மதியம்

இப்போதைக்கு மாத்தாத. பம்பா இருக்க வாய்ப்பு நெறைய இருக்கு, திணறி நிக்கறது அதோட குணம் தான். ஆனா ரிலே (பம்புக்கு கரன்ட் விடற சுவிட்ச்), ஒயரிங், அடைச்ச ஃபில்டர், கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்துதுன்னு வண்டி கம்ப்யூட்டருக்கு சொல்றது) இதுல எது கெட்டாலும் வண்டி வெயில்ல நின்னு ஆறினதும் ஓடும். ஆயிரக்கணக்குல காசு போட்டு பம்ப் மாத்திட்டு அடுத்த வாரம் அதே பள்ளிகொண்டால அதே மாதிரி நின்னவங்கள எனக்குத் தெரியும்.

முக்கியமான விஷயம், வண்டி நின்ன அந்த நிமிஷத்துலயே பாக்கணும். ஆறவெச்சு ஷெட்டுக்கு எடுத்துகினு போனா எல்லாமே நல்லா தான் இருக்கும், அப்புறம் யார் பாத்தாலும் யூகம் தான். நின்ன உடனே பண்ண வேண்டியது: ஏசி, ஃபேன், பாட்டு எல்லாத்தையும் நிறுத்து. சாவிய ஆன் வரைக்கும் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாத. பின் சீட்டுக்கு அடியிலேர்ந்து ரெண்டு மூணு செகண்டுக்கு 'உய்ங்'னு ஒரு சத்தம் வந்து அடங்கும், அது தான் பம்ப் லைன்ல பிரஷர் ஏத்தற சத்தம். ஹைவேல லாரி சத்தத்துல கேக்காது, அதனால கூட யாராவது இருந்தா பின் சீட்டுல காத வெச்சு கேக்கச் சொல்லு. சத்தம் வருதா, வரலையா, வந்தா வழக்கமான சத்தமா இல்ல கரகரன்னு இழுக்குதா, இத மட்டும் பாத்துட்டு வந்து எழுது.

5 மே 2025, ராத்திரி

மதியம் எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு, அத சேத்துடறேன். எப்படி நிக்குதுன்றதும் ஒரு தடயம். ஓடிகினு இருக்கும்போதே யாரோ சாவிய ஆஃப் பண்ண மாதிரி பட்டுனு நின்னா எனக்கு முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல போவும். ஆக்சிலரேட்டர் மிதிச்சா வேகம் ஏறாம, விட்டு விட்டு இழுத்து, கடைசியா நின்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். நீ சொல்றது ரெண்டாவது வகை.

கிராங்க் சென்சார இன்னொரு வழியாவும் பாக்கலாம். நின்னப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளப் பாரு. பல வண்டில லேசா துள்ளும். ஒரே எடத்துல செத்தமாதிரி கிடந்தா சென்சார் சிக்னல் வரலன்னு சந்தேகப்படலாம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, நெறைய பேர் ஏமாறுற எடம் இது தான்: சாவி ஆன் பண்ணதும் அந்த ரெண்டு மூணு செகண்டு ஓட்டத்துக்கு அப்புறம், இன்ஜின் சுத்துதுன்னு சென்சார் சொன்னா தான் இசியு, அதாவது வண்டி கம்ப்யூட்டர், பம்புக்கு கரன்ட் குடுக்கும். சென்சார் செத்தா பம்பும் ஓடாது. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடலன்னு மட்டும் பாத்துட்டு பம்ப் போச்சுன்னு முடிவு பண்ணா நல்ல பம்ப கழட்டிப் போட்ட கதை தான்.

6 மே 2025

ரிலே பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு. ஆமா, காசு செலவில்லாத முதல் வேலை அது தான். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலயே படம் போட்டிருக்கும். பல வண்டில ஹாரன் ரிலேவும் பம்ப் ரிலேவும் ஒரே மாதிரி இருக்கும், பின் அமைப்பும் ஆம்பியர் எண்ணும் ஒண்ணான்னு பாத்துட்டு மாத்திப் போடு. வண்டி ஓடி ஹாரன் அடிக்கலன்னா வேலை முடிஞ்சது. ரிலே உள்ள பாயின்ட் கருகியிருந்தா சூட்டுல பிடிக்காது, ஆறினா பிடிக்கும், அதனால உன் தொல்லைக்கு இதுவும் பொருந்தும்.

டேங்க் அடியில தட்டிப் பாருன்னு எழுதின அண்ணனுக்கு: தட்டலாம், நானும் தட்டியிருக்கேன். ரப்பர் சுத்தியால மெதுவா தட்டி பம்ப் ஓட ஆரம்பிச்சா உள்ள மோட்டாருக்கு கரன்ட் குடுக்கற கரி பிரஷ் தேஞ்சிருக்குன்னு ஏறக்குறைய உறுதி, அந்த பம்ப நம்பி அடுத்த ஊருக்குப் போவக்கூடாது. ஆனா தட்டியும் ஓடலன்னா அதுலேர்ந்து ஒண்ணும் தெரியாது. பிளாஸ்டிக் டேங்க்கா இருந்தா ஜாக்கி ராடு எல்லாம் எடுத்துகினு போவாத.

8 மே 2025

தம்பி போட்டிருக்கற தகவல் இது தான்: நேத்து மதியம் மறுபடி நின்னிருக்கு, பின் சீட்டுல சத்தமே இல்ல, ஆர்பிஎம் முள்ளு துள்ளுது, ரிலே மாத்தியும் அதே நிலை. மல்டிமீட்டர் வெச்சுப் பாத்ததுல பம்ப் கனெக்டர்ல சாவி ஆன் பண்ணதும் பன்னெண்டு வோல்ட் காட்டுது. "கரன்ட் வருது, பம்ப் ஓடல, அப்போ பம்ப் தானே அண்ணா?"

பொறு தம்பி. கனெக்டர கழட்டி வெச்சு மீட்டர் போட்டியா, மாட்டின நிலைல போட்டியா? கழட்டி வெச்சுப் பாத்தா அந்த பன்னெண்ட நம்பாத. மீட்டர் கரன்ட் இழுக்காது. நூறு இழைல ஒரு இழை மட்டும் ஒட்டிகினு இருக்கற ஒயர்ல கூட மீட்டர் பன்னெண்டு காட்டும், பம்ப் கேக்கற அஞ்சு ஆம்பியர அந்த ஒரு இழை தராது. மேல்தொட்டி நெறஞ்சிருந்தும் அடைச்ச பைப்புல சொட்டு சொட்டா வர தண்ணி மாதிரி தான்.

நான் தொழில் கத்துகினது ராணிப்பேட்டைல ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் கிட்ட. அவர் கைல மீட்டர் இருக்கும், ஆனா தீர்ப்பு சொல்றது எப்பவும் ஒரு பழைய ஹெட்லைட் பல்பு தான். லோ பீம் இழை 55 வாட், பன்னெண்டு வோல்ட்டுல நாலரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஏறக்குறைய ஒரு பம்ப் இழுக்கற அளவு. அத பம்ப் கனெக்டர கழட்டி வண்டி ஒயர் வர பாதில மாட்டி கரன்ட் விட்டா, பளிச்சுனு எரிஞ்சா ஒயரிங் நல்லா இருக்கு, மங்கலா சிவப்பா எரிஞ்சா பம்ப தொடாத, ஒயரப் பாருன்னுவாரு. சாவி ஆன்ல கரன்ட் ரெண்டு மூணு செகண்டு தான் வரும், அதனால ரிலேவ எடுத்துட்டு அந்த சாக்கெட்டுல 30, 87 ரெண்டு பின்னையும் ஃபியூஸ் வெச்ச ஒயரால இணைச்சா நிக்காம வரும்.

எச்சரிக்கையா பண்ணு. பம்ப் மூடி திறக்கக்கூடாது, கதவு நாலும் திறந்திருக்கணும், துளி பெட்ரோல் வாடை அடிச்சாலும் இந்த வேலை வேணாம். நீள ஒயர் போட்டு பல்ப வண்டிக்கு வெளிய வெச்சுக்கோ, ஹாலஜன் பல்பு தொட்டா கை வெந்துடும்.

9 மே 2025

பெரியவர் ஒருத்தர் அம்பாசடர் காலத்துல ஏலகிரி மலை ஏறும்போது ஏசி பம்ப் (ஏசின்றது கம்பெனி பேரு, இன்ஜின் பக்கத்துல இருக்கற பழைய பெட்ரோல் பம்ப்) மேல ஈரத்துணி சுத்துவோம், இதுக்கும் அப்படி ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்காரு. ஐயா, படிக்கவே சந்தோஷமா இருந்தது. அந்த பம்ப் இன்ஜின் பக்கத்துல உக்காந்துகினு டேங்க்லேர்ந்து உறிஞ்சும். உறிஞ்சற லைன்ல பிரஷர் குறையும், கூடவே இன்ஜின் சூடு, பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிடும், ஆவிய அந்த பம்புக்குள்ள இருக்கற டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) தள்ளாது. ஈரத்துணி போட்டா ஆவி மறுபடி பெட்ரோலாவும், வண்டி ஓடும். நீங்க பண்ணது சரியான வைத்தியம்.

இப்போ இருக்கறது டேங்க்குள்ளயே பெட்ரோல்ல முழுகி, அங்கேர்ந்து தள்ளற பம்ப். லைன்ல மூணு பார் பிரஷர் இருக்கும்போது பெட்ரோல் அவ்ளோ சீக்கிரம் கொதிக்காது. அதனால தம்பி வண்டிக்கு துணி வேணாம்.

ஆனா சூடு விஷயம் வேற வழியா இங்கயும் வருது. அந்த மோட்டார ஆத்தறதே சுத்தி இருக்கற பெட்ரோல் தான். முன்னூறுக்கு போடு ஐநூறுக்கு போடுன்னு ரிசர்வ் லைட் எரிய எரிய ஓட்டினா, இருக்கற கொஞ்சம் பெட்ரோலும் சூடேறி, பம்ப் அந்த சூட்டுலயே வேகும். கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல நாப்பது டிகிரி தாண்டும்போது ரோட்டு சூடு கீழேர்ந்து டேங்க் மேல அடிக்குது. மே மாசத்துலயாவது கால் டேங்க்குக்கு கீழ எறக்காதீங்க. தம்பி, நீ எவ்ளோ வெச்சு ஓட்டறன்னு இன்னும் சொல்லல.

9 மே 2025, ராத்திரி

இ20 பெட்ரோல் (நூத்துக்கு இருபது பங்கு எத்தனால் கலந்தது) தான் பம்ப கெடுத்ததுன்னு மூணு பேர் எழுதிட்டாங்க. எனக்கும் அந்தக் கவலை இருக்கு, 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்க தான் இ20-க்கு தாங்கற ரப்பர், பிளாஸ்டிக்கோட வருது, 2011 வண்டிய அத மனசுல வெச்சு செய்யல. எத்தனால் தண்ணிய ஈர்க்கும், அளவுக்கு மீறி தண்ணி சேந்தா பிரிஞ்சு அடியில தங்கும், பம்ப் உறிஞ்சற வலை அந்த அடியில தான் இருக்கு. பழைய டேங்க்ல படிஞ்ச அழுக்க கிளப்பி ஃபில்டர அடைக்கவும் செய்யும். இதெல்லாம் நடக்கக்கூடியது. ஆனா உன் வண்டில நடந்துதான்னு கண்ணால பாக்கணும். கொஞ்சம் பெட்ரோல அடியிலேர்ந்து எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஒரு மணி நேரம் ஆடாம வெச்சா, தண்ணி இருந்தா கீழ தனியா கோடு கட்டி நிக்கும். கோடு இல்லாம பெட்ரோல் மேல பழி போடறதும், கேஜ் போடாம பம்ப் மேல பழி போடறதும் எனக்கு ஒண்ணு தான்.

அப்புறம் ஒண்ணு, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கம்பெனியே பம்ப திருப்பிக் கூப்பிட்டிருக்கான்னு எல்லாருமே பாருங்க. ஹோண்டா இந்தியாவுல 2020-ல 65,651 காரையும், 2024 அக்டோபர்ல 90,468 பழைய காரையும் பம்ப் இம்பெல்லர் (பெட்ரோல தள்ற சின்ன சக்கரம்) குறைக்காக கூப்பிட்டு இலவசமா மாத்தித் தந்தது. இம்பெல்லர் சரியா சுத்தலன்னா இன்ஜின் ஓட்டத்துலயே நிக்கும், இல்ல ஸ்டார்ட்டே ஆவாது. சேசிஸ் நம்பர கம்பெனி சைட்ல போட்டா உன் வண்டி அதுல இருக்கான்னு தெரிஞ்சிடும். செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்களுக்கு கடிதம் வந்திருக்காது, அவங்க கட்டாயம் பாக்கணும்.

11 மே 2025

தம்பி போட்டோ போட்டுட்டாரு. பல்பு மங்கல். கனெக்டர கழட்டினா ரெண்டு தடிச்ச பின்ல எர்த் பின் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் காப்பிக் கலர்ல உருகி, பின்னோட வாய் அகண்டு போயிருக்கு, செம்பு ஒயர் ஒரு அங்குலத்துக்கு கறுத்துக் கெடக்கு. பக்கத்துல இருக்கற சின்ன பின் ரெண்டும் பளபளன்னு இருக்கு, அது பெட்ரோல் அளவு காட்டற ஒயர், கரன்ட் கம்மி, அதனால அதுக்கு ஒண்ணும் ஆவல. இந்த போட்டோவ எல்லாரும் பெருசு பண்ணிப் பாருங்க. வெயில்ல நிக்கறதுக்கும் ஆறினா ஓடறதுக்கும் காரணம் இங்கயே இருக்கு: சூடாவுது, பின் விரியுது, பிடிமானம் போவுது.

கனெக்டர வெட்டிட்டு அதே தடிமன் ஒயரோட புதுசா ஒண்ணு போடு. டேப் சுத்தி முறுக்கி விடற வேலை வேணாம், கிரிம்ப் பண்ணி மேல ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லு. எர்த் ஒயர் பாடில போல்ட் ஆவற எடத்துல பெயின்ட், துரு சுரண்டிட்டு இறுக்கு. அப்புறம் பம்ப் ஓடும்போது பேட்டரில எவ்ளோ வோல்ட், பம்ப் கனெக்டர்ல எவ்ளோ வோல்ட் எடுத்துப் பாரு. ஒரு வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா இன்னும் எங்கயோ தின்னுது.

இதோட முடிஞ்சதுன்னு நெனச்சிடாத. கனெக்டர் தானா உருகாது. பின் லூசானதால சூடாகி உருகியிருக்கலாம். இல்ல பம்ப் தேஞ்சு போய் அளவுக்கு மேல கரன்ட் இழுத்து, அந்தச் சூட்டுல உருகியிருக்கலாம். ரெண்டாவதா இருந்தா புது கனெக்டரும் இதே கதியாவும். கிளாம்ப் மீட்டர் (ஒயர வெட்டாம வெளியிலேர்ந்து கவ்வி கரன்ட் அளக்கறது) டிசி ஆம்பியர் காட்டற மாதிரி ஒண்ணு கிடைச்சா வாங்கு, பம்ப் ஒயர்ல மாட்டிப் பாரு.

15 மே 2025

தம்பி எழுதினது: "கனெக்டர் போட்டேன், வேலூர் போய் வந்தேன், நிக்கல, ஆனா பச்சக்குப்பம் பக்கம் லாரிய ஓவர்டேக் பண்ணும்போது இழுவை இல்ல."

அப்போ இப்ப பிரஷர் கேஜ் போடற நேரம். முன்னாடியே போட்டிருந்தா ஒயரிங் குறையால குறைஞ்ச பிரஷரப் பாத்துட்டு பழிய பம்ப் மேல போட்டிருப்போம், அதனால தான் அவசரப்படல. இன்ஜெக்டருங்களுக்கு பெட்ரோல் பிரிச்சுக் குடுக்கற குழாய்ல (ஃபியூயல் ரெயில்) டெஸ்ட் பாயின்ட் இல்லன்னா டீ ஜாயின்ட் போட்டு மாட்டணும், இது வீட்ல பண்ற வேலை கிடையாது, கேஜ் வெச்சிருக்கற ஷெட்டுக்குப் போ. நெறைய எம்பிஎஃப்ஐ வண்டிக்கு மூணு பார் பக்கம், அதாவது நாப்பத்து மூணு பிஎஸ்ஐ, ஆனா உன் வண்டிக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது தான் கணக்கு.

ஐடில்ல (வண்டி நின்னபடி இன்ஜின் சும்மா ஓடும்போது) மூணு காட்டுதுன்னு திருப்திப்பட்டு வந்துடாத. ஐடில்ல இன்ஜின் குடிக்கறது கொஞ்சம், தேஞ்ச பம்ப் கூட அந்தளவுக்கு தள்ளிடும். வண்டி சூடானப்புறம், லோடுல பாக்கணும். கேஜ் குழாய பானட் வழியா வெளிய எடுத்து முன் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டி ஏத்தத்துல ஓட்டிப் பாக்கற வழக்கம் இருக்கு, குழாய கேபினுக்குள்ள மட்டும் விடக்கூடாது. உனக்கு ஏலகிரி பக்கம் தானே, பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கு மேல நல்ல டெஸ்ட் எந்த மெஷின்லயும் கிடையாது. ஏத்தத்துல முள்ளு எறங்கினா பம்ப், இல்ல ஃபில்டர், இல்ல வலை. ஆஃப் பண்ண உடனே முள்ளு சரசரன்னு சைபருக்கு விழுந்தா பம்ப் செக் வால்வு (பெட்ரோல் டேங்க்குக்கு திரும்பாம தடுக்கறது) இல்ல இன்ஜெக்டர் ஒழுகுது, காலையில செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்கற வண்டிக்கு அது தான் காரணமா இருக்கும்.

18 மே 2025

கிளாம்ப் மீட்டர் ரீடிங் வந்துடுச்சு: காலையில அஞ்சரை ஆம்பியர், மதியம் ஓட்டிட்டு வந்து பாத்தா எட்டரை. கேஜ் ஏத்தத்துல ரெண்டு பாருக்கு எறங்குது. ஃபில்டர் போன வருஷம் மாத்தினது. வோல்ட் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்ள. பம்ப் தான், இப்ப தைரியமா மாத்து.

வலை அடைச்சா சாதாரணமா கரன்ட் இப்படி எகிறாது, சத்தம் தான் மாறும், பிரஷர் குறையும். சூடு ஏற ஏற கரன்ட் ஏறினா மோட்டாருக்குள்ளயே இறுக்கம். தம்பி ஒத்துகினாரு, நாலஞ்சு வருஷமா ரிசர்வ்லயே தான் ஓட்டியிருக்காரு.

அந்த மெக்கானிக் சொன்னது கடைசில சரியா வந்துடுச்சேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. பம்ப் கெட்டது நிஜம். ஆனா அன்னிக்கே பம்ப் மட்டும் மாத்தியிருந்தா புது பம்ப் அந்த உருகின கனெக்டர்ல போய் மாட்டியிருக்கும், பத்து வோல்ட்டுல ஓடியிருக்கும், அடுத்த கத்திரில தம்பி அம்மாவோட அதே ஹைவே ஓரத்துல நின்னிருப்பாரு, கடைக்காரர் டூப்ளிகேட் பம்ப் குடுத்துட்டாருன்னு சண்டை வேற. அளந்து பாத்ததால தான் ரெண்டு கோளாறும் ஒண்ணா வெளிய வந்தது.

18 மே 2025, சாயங்காலம்

மாத்தும்போது கவனிக்க வேண்டியது. முதல்ல பம்ப் ரிலேவ உருவிட்டு இன்ஜின ஓட விடு, லைன்ல இருக்கறத குடிச்சுட்டு தானா நிக்கும், பிரஷர் எறங்கிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ் கழட்டு. டேங்க்ல கொஞ்சமா பெட்ரோல் இருக்கறப்ப வெச்சுக்கோ. வெட்டவெளியில, நிழல்ல, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம் செய்யச் சொல்லு, பக்கத்துல பீடி சிகரெட்டோட யாரும் நிக்கக்கூடாது. பின் சீட்டு தூக்கினதும் மூடிய சுத்தி மண்ணு, தூசி குவிஞ்சிருக்கும், திறக்கறதுக்கு முன்னாடியே துடைச்சு எடுத்துடணும், இல்லன்னா அத்தனையும் டேங்க்குள்ள விழும். வாய்ல இருக்கற ரப்பர் ரிங்க் கட்டாயம் புதுசு. வலையும் புதுசு. டேங்க் அடியில டார்ச் அடிச்சுப் பாத்து அழுக்கு இருந்தா அப்பவே கழுவிடு, மறுபடி எவன் திறக்கப் போறான்.

பழைய பம்ப வீசாத, வெளியில நல்லா காயவெச்சு வெட்டிப் பாரு.

22 மே 2025

வெட்டின பம்ப் போட்டோ அருமை. கம்யூடேட்டர் (பிரஷ் உரசி ஓடற எடம்) செம்புல நகம் மாட்டற அளவுக்கு பள்ளம், ஒரு பிரஷ் நெல்லுமணி அளவு தான் மிச்சம், ஓரமெல்லாம் கறுப்பு. எட்டரை ஆம்பியர் இழுத்த மோட்டாரோட உள்பக்கம் இப்படி தான் இருக்கும்.

இப்ப புது பம்ப் போட்டு நாலே முக்கா ஆம்பியர், பிரஷர் மூணு, ஏத்தத்துலயும் அசையலன்னு எழுதியிருக்க. அந்த ரெண்டு எண்ணையும், பம்ப் கனெக்டர்ல வந்த வோல்ட்டையும், தேதி போட்டு ஆர்சி புக் கவர்ல ஒரு சீட்டுல எழுதி வெச்சுடு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல ஒரு தடவ அதே மீட்டர்ல எடுத்து சரிபாரு, ஆறு ஆம்பியர் தாண்டினா மறுபடி இங்க எழுது. அம்மாவோட அடுத்த செக்கப்புக்கு போறதுக்கு முன்னாடி மதிய வெயில்ல ஒரு தடவ தனியா வாணியம்பாடி வரைக்கும் ஓட்டிட்டு வந்துடு, அரை டேங்க் பெட்ரோலோட.